அசைன்மென்ட்டுக்குத் தகவல் எங்கே தேடலாம்: விக்கிப்பீடியா, ஏஐ, கூகுள் ஸ்காலர், நூலகம் ஓர் ஒப்பீடு

அசைன்மென்ட் தலைப்பு கைக்கு வந்ததும் பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஒன்றுதான். தலைப்பை அப்படியே கூகுளில் தட்டுவார்கள், முதலில் வரும் நாலைந்து பக்கங்களைத் திறப்பார்கள், அங்கே ஒரு பத்தி இங்கே ஒரு பத்தி என்று எடுத்து, வார்த்தைகளை மாற்றி எழுதி முடித்துவிடுவார்கள். கூகுளில் தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை, நானும் அங்கேதான் ஆரம்பிப்பேன். ஆனால் முதலில் வரும் பக்கம்தான் நம்பகமான பக்கம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிரச்சினை வருகிறது, ஏனென்றால் தேடுபொறி பார்ப்பது உங்கள் கேள்விக்கு அந்தப் பக்கம் பொருந்துகிறதா, எத்தனை பேர் அதற்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பது போன்ற விஷயங்களைத்தானே தவிர, அதில் எழுதியிருப்பது உண்மையா என்று யாரும் உட்கார்ந்து படித்துப் பார்த்து மேலே ஏற்றுவதில்லை.

சரி, அப்படியானால் எந்த சைட் நல்லது என்று கேட்டால் ஒரே ஒரு பெயரை என்னால் சொல்ல முடியாது. ஒரு மூலத்தை நான் எடைபோடுவது ஒரு கேள்வியை வைத்துத்தான்: இந்தத் தகவலை முதலில் அளந்தவர், எண்ணியவர், நேரில் பார்த்தவர் யார் என்பது வரைக்கும் இது என்னைக் கூட்டிக்கொண்டு போகுமா? போகும் என்றால் பயன்படுத்தலாம். பாதி வழியில் கைவிட்டுவிடும் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இதைப் பேச்சளவில் விடாமல் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் சோதித்துப் பார்க்கலாம். 'ஆண்டுதோறும் 80 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலில் கலக்கிறது.' சுற்றுச்சூழல் பற்றி அசைன்மென்ட் எழுதிய யாரும் இந்த வரியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

முதலில், தேடியவுடன் வரும் சாதாரணக் கட்டுரைகளும் அமைப்புகளின் இணையதளங்களும். இங்கே அந்த எண் இருக்கும், எண் மட்டும்தான் இருக்கும். எந்த ஆண்டின் கணக்கு, யார் போட்ட கணக்கு, எப்படிப் போட்டார்கள் என்று எதுவும் இருக்காது. 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று ஒரு வரி இருக்கும், எந்த ஆய்வு என்று தேடினால் இன்னொரு கட்டுரைக்கு லிங்க் போகும், அந்தக் கட்டுரையும் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்றே சொல்லும். இப்படி மூன்று பக்கம் மாறி மாறிப் போய்விட்டு 'மூன்று இடத்தில் இருக்கிறது, அதனால் சரியாகத்தான் இருக்கும்' என்று முடிவு கட்டிவிடுவது மாணவர்களிடம் ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. மூன்றும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அது ஒரு மூலம்தான், மூன்று அல்ல.

தளத்தின் தோற்றத்தை வைத்தோ, முகவரி 'டாட் ஆர்க்' என்று முடிகிறது என்பதை வைத்தோ நம்பவும் கூடாது. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு சோதனை, குழந்தைகள் நல மருத்துவர்களுக்கான இரண்டு அமெரிக்க அமைப்புகளின் தளங்களை ஒப்பிடுவது. ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள பெரிய தொழில்முறைச் சங்கம். இன்னொன்று ஒரு கொள்கைத் தகராறில் 2002-இல் தனியே தொடங்கப்பட்ட சின்னக் குழு. இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இரண்டு தளமும் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். மாணவர்களில் பலரும், ஏன் பேராசிரியர்களில் சிலரும்கூட, அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், அதனால் விரைவாகவும் சரியாகவும் கண்டுபிடித்தார்கள். ஒரு தளத்தைப் பற்றி அந்தத் தளத்திடமே விசாரிக்காதீர்கள், இரண்டு நிமிடம் வெளியே விசாரியுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபமாகிவிடும்.

அடுத்தது விக்கிப்பீடியா. 'விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது' என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு, அதை நான் ஏற்க மாட்டேன். 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா நிறுவனம் அந்த ஆய்வின் முறையைக் கடுமையாக மறுத்தது, அது தனிக் கதை. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டாலும், தொடங்கி ஐந்து ஆண்டுகூட ஆகாத, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒன்று அவ்வளவு பக்கத்தில் வந்தது பெரிய விஷயம். பெயர் போன கலைக்களஞ்சியத்திலும் கட்டுரைக்கு ஏறக்குறைய மூன்று பிழைகள் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே நேரம் அதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, டப்ளினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவர் சொன்னதாகத் தானே ஒரு மேற்கோளை எழுதி விக்கிப்பீடியாவில் போட்டார். ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் அதைச் சீக்கிரமே நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பல நாடுகளின் நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கல் குறிப்பில் அச்சிட்டுவிட்டன. மாணவரே முன்வந்து உண்மையைச் சொல்லும் வரை யாரும் கவனிக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், விக்கிப்பீடியா தன்னைத் திருத்திக்கொண்டது, அதைப் பார்த்துக் காப்பி அடித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் விக்கிப்பீடியாவில் நான் முதலில் பார்ப்பது கட்டுரையை அல்ல, கீழே இருக்கும் அடிக்குறிப்புகளை. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு எண் இருந்தால் அதைச் சொடுக்கி, எந்த இதழில் எந்த ஆண்டு வந்த கட்டுரை என்று பார்த்து, அந்தக் கட்டுரைக்கே போய்விடுங்கள். 'சான்று தேவை' என்று இருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள். கட்டுரையின் மேலே இருக்கும் 'வரலாறு' என்ற லிங்க்கைத் திறந்தால் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பது அத்தனையும் இருக்கும், தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்றும் தெரியும். சர்ச்சைக்குரிய தலைப்பு என்றால் அந்தப் பேச்சுப் பக்கம் கட்டுரையைவிட அதிகம் சொல்லித் தரும், ஏனென்றால் கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அங்கே வெளிப்படையாகப் பார்க்கலாம். ஒரே தலைப்பில் ஆங்கில விக்கிப்பீடியா விரிவாகவும் தமிழ் விக்கிப்பீடியா சுருக்கமாகவும் இருப்பது வழக்கம், தலைப்பைப் புரிந்துகொள்ள முதலில் தமிழில் படித்துவிட்டு, சான்றுகளுக்கு ஆங்கிலத்துக்குப் போனால் நேரம் மிச்சம். ஆனால் அசைன்மென்ட்டின் கடைசியில் மேற்கோள் பட்டியலில் விக்கிப்பீடியாவைப் போட வேண்டாம், அது கொண்டுபோய்விட்ட இடத்தைப் போடுங்கள்.

இப்போது ஏஐ. சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வந்ததிலிருந்து நிறைய பேருக்கு இதுதான் முதல் இடம். எதைக் கேட்டாலும் தெளிவாக, நம்பிக்கையாக, நம் மொழியிலேயே பதில் வரும், புரியாத பாடத்தைப் புரியும்படி சொல்லித்தரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் 'இதற்கு ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் சொல்லு' என்று கேட்டீர்கள் என்றால் இல்லாத கட்டுரைகளைக்கூட ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் சகிதம் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்து எழுதுவதுதான் இதன் அடிப்படை வேலை என்பதால், உண்மையான மேற்கோளும் கற்பனையான மேற்கோளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன ஆறு முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். ஆறும் நடக்கவே நடக்காத வழக்குகள். 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்து, தொழில் செய்துகொண்டிருக்கும் வழக்கறிஞர்களுக்கே இது நடந்தது.

இப்போது இணையத்தில் தேடி லிங்க்கோடு பதில் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. இவை பரவாயில்லை, ஆனால் லிங்க் இருக்கிறது என்பதற்காக அந்த லிங்க்கில் அந்தத் தகவல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. திறந்து பாருங்கள், அந்தப் பக்கத்திலேயே கன்ட்ரோல் எஃப் அடித்து அந்த எண்ணைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் இன்னும் சுலபமாகச் சரிபார்க்கலாம்: பெரும்பாலான கட்டுரைகளுக்கு 10 என்று தொடங்கும் ஒரு டிஓஐ எண், அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே ஒரு நிரந்தர அடையாள எண், உண்டு, அதை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் இட்டால் நேராக அந்தக் கட்டுரையின் பக்கத்துக்குப் போகும். வேறு கட்டுரைக்குப் போனாலோ, அப்படி ஒன்று இல்லை என்று வந்தாலோ சந்தேகப்படுங்கள்.

ஏஐ உண்மையிலேயே கைகொடுப்பது ஒரு இடத்தில், அது தேடுசொல். துறைக்குள் இருப்பவர்கள் ஒரு விஷயத்தை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று தெரியாததால்தான் பாதித் தேடல்கள் தோற்கின்றன. நம் பிளாஸ்டிக் விஷயத்தில் 'கடலில் பிளாஸ்டிக்' என்று தேடினால் விழிப்புணர்வுக் கட்டுரைகளாக வந்து குவியும். 'மிஸ்மேனேஜ்டு பிளாஸ்டிக் வேஸ்ட்' (சரியாகக் கையாளப்படாத பிளாஸ்டிக் குப்பை) என்று ஆங்கிலத்தில் தேடினால் ஆய்வுகள் வரும். இந்தச் சொல்லை ஏஐயிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, தேடலை வேறு இடத்தில் நடத்துங்கள்.

அந்த வேறு இடம், என்னைக் கேட்டால், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலர். 2004-இல் வந்தது, இலவசம். நம் 80 லட்சம் டன் முதன்முதலாக எங்கே வந்தது என்பது இங்கேதான் பிடிபடும். ஜென்னா ஜாம்பெக்கும் அவரது குழுவும் 2015 பிப்ரவரியில் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அது. அதன் சுருக்கத்தை மட்டும் படித்தாலே எவ்வளவோ மாறிவிடுகிறது. அது 2010 என்ற ஒரே ஒரு ஆண்டுக்கான மதிப்பீடு. கடற்கரை உள்ள 192 நாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னது 80 லட்சம் அல்ல, 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை இருக்கலாம் என்று. 80 லட்சம் என்பது அந்த இடைவெளியின் நடுப்பகுதி. அதுவும் கடலில் போய் அளந்தது அல்ல, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்கள்தொகை, அங்கே சேரும் குப்பை, அதில் எவ்வளவு சரியாகக் கையாளப்படவில்லை என்பதை வைத்துப் போட்ட கணக்கு.

இன்னும் ஒரு படி போகலாம். ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு லிங்க் இருக்கும், இந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல் அது. அதைத் திறந்து, இடது பக்கத்தில் சமீப ஆண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடிப் பார்த்தால், ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் என்று சொல்லும் 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் இருப்பது தெரியவரும். இரண்டு எண்களும் வேறு, அளந்த விஷயமும் வேறு, முறையும் வேறு. இதை அசைன்மென்ட்டில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள், வெறும் 80 லட்சம் டன் என்று எழுதியவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஸ்காலருக்கும் குறை உண்டு. தரமான இதழ், தரமற்ற இதழ் என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் அதில் கலந்து வரும். 2013-இல் சயின்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே அப்பட்டமான தவறுகளோடு ஒரு போலி ஆய்வுக் கட்டுரை தயார் செய்து 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நல்ல இதழில் வந்துவிட்டாலும் அது முடிந்த முடிவு என்று ஆகிவிடாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரை 1998-இல் லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழிலேயே வெளிவந்தது, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது, 2010-இல்தான் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதனால் கட்டுரையின் பக்கத்தில் 'ரிட்ராக்டட்' என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எந்த இதழ் என்று தெரியாவிட்டால், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய (திறந்த அணுக்க) இதழ்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் டிஓஏஜே என்ற தளத்தில் அந்த இதழ் இருக்கிறதா என்று தேடலாம். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை நேரடியாகப் போடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இருப்பவை, துறையின் மற்ற வல்லுநர்கள் படித்துச் சரிபார்க்கும் சக மதிப்பாய்வுக்கு முந்தைய நிலையில் இருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கேட்கிறது என்று பலர் ஸ்காலரை விட்டு ஓடிவிடுகிறார்கள். கட்டுரையின் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்கினால் பல சமயம் ஆசிரியரோ அவரது பல்கலைக்கழகமோ போட்டிருக்கும் இலவச பிடிஎஃப் கிடைக்கும். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். வரலாறு, இலக்கியம், சமூகவியல் என்றால் ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கி ஆன்லைனில் படிக்கலாம். எதுவும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நிறைய பேர் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

மாணவர்களுக்கு ஸ்காலரில் இருக்கும் உண்மையான சிரமம் மொழிதான், முதல் ஆண்டு மாணவருக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை சுவர் மாதிரி நிற்கும். இதற்கு வழி, தனி ஆய்வுகளை விட்டுவிட்டு ரிவ்யூ கட்டுரைகளைத் தேடுவது. இடது பக்கத்தில் அதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. ஒரு துறையில் வந்த பல ஆய்வுகளை ஒருவர் படித்து, எதில் எல்லோரும் உடன்படுகிறார்கள், எதில் இல்லை என்று தொகுத்திருப்பார். சுருக்கம், முன்னுரை, முடிவுரை என்று இந்த வரிசையில் படியுங்கள், முறையியல் பகுதியைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நூலகத்தைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள், நான் இரண்டாவதாக வைப்பேன். புத்தகம் தாமதமாக வரும், புதிய எண்கள் அதில் இருக்காது, அது உண்மை. ஆனால் எது முதலில், எது அடுத்து, எது எதனோடு தொடர்பு என்ற வரிசை ஒரு நல்ல பாடநூலின் ஒரு அத்தியாயத்தில் கிடைப்பதுபோல் இருபது வலைப்பக்கங்களிலும் கிடைக்காது. அசைன்மென்ட்டின் எலும்புக்கூட்டை அந்த அத்தியாயத்திலிருந்து எடுங்கள், சதையை மற்ற இடங்களிலிருந்து சேருங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நூலகர். கல்லூரி எந்தெந்த இதழ்த் தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 'இந்தத் தலைப்பில் தேடுகிறேன், எங்கே ஆரம்பிக்கலாம்?' என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், தனியாகத் தேடிக் களைக்கும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

மீதி இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புள்ளிவிவரம் வேண்டும் என்றால் உலக வங்கி, ஐ.நா., உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் தரவுத் தளங்களுக்கு நேராகப் போங்கள், எண்ணை எடுக்கும்போது அதற்குக் கீழே இருக்கும் வரையறையையும் படித்துவிட்டு எடுங்கள். 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' (Our World in Data) என்ற தரவுத் தளத்தில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே மூலம் கொடுத்திருப்பார்கள், அது மாணவர்களுக்கு மிகவும் வசதி. செய்தித்தாள் சமீபத்திய நிகழ்வுகளுக்கு நல்லது, ஆனால் 'புதிய ஆய்வு சொல்கிறது' என்ற செய்தி என்றால் அந்த ஆய்வையே தேடிப் பிடியுங்கள். வீடியோ புரிந்துகொள்ள மட்டும், மேற்கோள் காட்ட வேண்டாம்.

இப்போது யாருக்கு எது என்று பார்த்தால், பள்ளி அளவில் நாலைந்து பக்கம் எழுதுபவருக்குப் பாடநூலும், விக்கிப்பீடியாவும், அதன் அடிக்குறிப்புகளில் திறந்து படித்த இரண்டு மூலங்களும் தாராளமாகப் போதும், ஸ்காலருக்குள் போய்க் குழம்ப வேண்டிய அவசியமில்லை. இளநிலைப் பட்டப்படிப்பு என்றால் ஒரு புத்தக அத்தியாயம், ஒன்றிரண்டு ரிவ்யூ கட்டுரைகள், ஒரு தரவுத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் முதல் வாரத்திலேயே நூலகரைப் பாருங்கள், 'சைட்டட் பை' வழியாகப் பிந்தைய கட்டுரைகளுக்கும், ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியல் வழியாக முந்தைய கட்டுரைகளுக்கும் போய் ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்.

நாளைக்குக் கொடுக்க வேண்டும், இன்றைக்கு இரவுதான் இருக்கிறது என்பவருக்கு: ஏஐயிடம் தேடுசொற்களை வாங்குங்கள், விக்கிப்பீடியா கட்டுரையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், அதன் அடிக்குறிப்புகளில் இலவசமாகத் திறக்கும் மூன்றை மட்டும் எடுத்துச் சுருக்கத்தையும் முடிவுரையையும் படியுங்கள், நீங்களே திறந்து பார்த்த எண்களை மட்டும் எழுதுங்கள். திறக்க முடியாத எண் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எடுக்கும்போதே ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண், பார்த்த தேதி ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், அதிகாலை மூன்று மணிக்கு மேற்கோள் பட்டியல் எழுத உட்காரும்போது அந்த லிங்க்குகளை மறுபடி தேட வேண்டியிருக்காது.